மகளோடு வான்கோழி வேட்டை: மூன்று வகைப் பொம்மைக் கோழிகள், இரண்டு வசந்தங்கள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஓசார்க் மலைக்காட்டை ஒட்டிய ஒரு பண்ணையில், என் மகளை அழைத்துக்கொண்டு இரண்டு வசந்த காலங்கள் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போயிருக்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று வகைப் பொம்மைக் கோழிகளை வாங்கிப் பயன்படுத்தினேன். காட்டுச் சேவலை ஈர்ப்பதற்காக நட்டுவைக்கும் அவற்றை இங்கே டீகாய் என்பார்கள். முதலாவது, சுருட்டி முதுகுப்பையில் திணித்துவிடக்கூடிய நுரைப் பெட்டை. விலை இருபது டாலருக்குச் சற்று மேல். இரண்டாவது, ரப்பர் போன்ற கனமான ஓட்டினால் செய்த, அழுத்தி மடக்கினால் பாதியாகச் சுருங்கும் ஒரு விடைச் சேவலும் ஒரு பெட்டையும் சேர்ந்த ஜோடி. 140 டாலர் ஆயிற்று. மூன்றாவது, உண்மையான கோழியின் நிழற்படத்தைத் துணியில் அச்சிட்டு, எஃகுக் கம்பி வளையத்தில் இழுத்துத் தைத்த தட்டைப் பெட்டை; அது 55 டாலர். நிறுவனங்களின் பெயர்களை எழுதவில்லை. ஒரே அமைப்பைப் பலர் பல பெயர்களில் விற்கிறார்கள் என்பதால், வாங்குகிறவர் பெயரைவிட அமைப்பைப் பார்த்து வாங்குவதே நல்லது.

இந்தப் பொம்மைகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் தனியாக வேட்டைக்குப் போகும் பெரியவர்களுக்காக எழுதப்படுகின்றன. அவர்கள் கேட்கும் கேள்வி, பொம்மையைப் பார்த்துச் சேவல் வருமா என்பது. பத்து வயதுக் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு அது இரண்டாவது கேள்வி. வந்த சேவல் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என்பதே முதல் கேள்வி. வான்கோழிக்கு மோப்பம் அவ்வளவாகக் கிடையாது, ஆனால் கண் மிகக் கூர்மையானது. தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களால் நிறங்களையும் நன்றாகப் பிரித்தறியும். தலையைச் சற்றே திருப்பினால் தன்னைச் சுற்றிலும் உள்ள முழு வட்டத்தையும் பார்த்துவிடும். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள வேட்டைக்காரர் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருப்பார். குழந்தையால் அப்படி இருக்க முடியாது, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மூக்கு அரிக்கும், கால் மரத்துப்போகும், கையுறைக்குள் விரல் நெளியும். அந்த அசைவுகளிலிருந்து சேவலின் கண்ணை விலக்கி, வேறோர் இடத்தில் கட்டிப்போடுவதுதான் பொம்மைக் கோழியின் வேலை. இந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான் மூன்றையும் எடைபோட்டிருக்கிறேன்.

மிசௌரியில் 6 வயது முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கென்று, வசந்தகாலப் பொது வேட்டைக்கு முன்பாக ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கப்படுகிறது. அந்த இரண்டு நாளும் கூடப் போகும் பெரியவர் சுடக்கூடாது. துணையாக இருக்கலாம், கோழியை அழைக்கலாம். ஒரு சிறுவருக்கு ஒரு கோழி, அதுவும் சேவலாகவோ தாடி தெரிகிற கோழியாகவோ இருக்க வேண்டும். தாடி என்பது நெஞ்சிலிருந்து குதிரைமயிர் போலத் தொங்கும் முரட்டுக் கற்றை. சில பெட்டைகளுக்கும் அது முளைப்பதால்தான் சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. இரை வைத்து அழைப்பது, உயிருள்ள கோழியைக் கட்டிவைத்து அழைப்பது, மின்கருவியால் குரல் எழுப்புவது ஆகிய மூன்றும் கூடாது.

உயிருள்ள விலங்கைக் கட்டிவைத்து அதன் இனத்தை அழைக்கும் வேட்டை நமக்குப் புதிதன்று. அப்படிப் பழக்கிய மானுக்கும் பறவைக்கும் 'பார்வை' என்றே பழந்தமிழில் பெயர் உண்டு. கூண்டுக் கௌதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கௌதாரியைப் பிடித்த கதையை என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தியாவில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அது தடைசெய்யப்பட்ட வழக்கம். ஆனால் இந்தப் பொம்மையை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சொல்தான்.

முதல் ஆண்டு, மகளுக்கு ஒன்பது வயது. நுரைப் பெட்டை ஒன்றை மட்டும் எடுத்துப் போனோம். எடை ஏறக்குறைய இல்லை. அவளே தன் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டாள், அந்தப் பெருமையும் அவளுக்கு இருந்தது. அதோடு அதன் நன்மைகள் முடிந்துவிட்டன. கடையில் பல மாதம் சுருண்டு கிடந்ததால் முதுகில் விழுந்த மடிப்பு கடைசிவரை போகவில்லை. கழுத்து நேராக நிமிர்ந்து நின்றது. அதை ஒரு குறையாக நான் அப்போது எண்ணவில்லை. பின்னால்தான் புரிந்தது. மேய்கிற பெட்டை தலையைத் தாழ்த்தியிருக்கும், நிம்மதியாக நிற்கிற பெட்டை கழுத்தைத் தளர்த்தி முன்னே நீட்டியிருக்கும். எதையோ கண்டு மிரண்ட பெட்டைதான் கழுத்தைக் குச்சிபோல் நிமிர்த்தும். சேவலை அழைப்பதற்காக நான் நட்டுவைத்தது, "இங்கே ஆபத்து" என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கோழியை.

காற்று இன்னும் பெரிய கெடுதலைச் செய்தது. காலை எட்டு மணியளவில் தெற்கிலிருந்து காற்று எழுந்ததும், ஒற்றைக் கம்பியில் நின்ற நுரைக்கோழி காற்றாடிபோல முழுச் சுற்று சுற்றத் தொடங்கியது. அறுபது கெஜத்துக்கு அப்பால், ஓக் மரங்களின் விளிம்பில் தோகையை விரித்து நின்ற சேவல் அதைப் பார்த்தது. தோகை சட்டென்று மடங்கியது. 'புட்' என்று ஒரே ஒலி. வான்கோழிகளின் எச்சரிக்கைக் குரல் அது. அடுத்த நொடியில் சேவல் இருந்த இடம் காலியாக இருந்தது. "நான் அசைஞ்சேனாப்பா?" என்று மகள் என்னைக் கேட்டாள். அவள் அசையவே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அவள் மனத்தில் எழுந்ததே என்பதுதான் அன்று முழுவதும் எனக்கு வருத்தமாக இருந்தது. நான் மிச்சம் பிடித்த பணத்துக்கு அவள் தன்மேல் பழி போட்டுக்கொண்டாள்.

நுரைக்கோழியே கைவசம் இருந்து, வேறு வாங்க முடியாதவர்களுக்கு ஒரு யோசனை உண்டு. வாலுக்கு இரு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு சுள்ளிகளை நட்டுவிட்டால், காற்றடிக்கும்போது பொம்மை இடமும் வலமும் சற்றே அசைந்து நின்றுவிடும், சுற்றாது. அந்தச் சிறிய அசைவு நல்லதுங்கூட. கழுத்தை வெந்நீரில் நனைத்து, வளைத்துக் கட்டி ஓரிரவு வைத்திருந்தால் ஓரளவு தாழும். இவ்வளவும் செய்தாலும் குழந்தையோடு போகும் வேட்டைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் ஆண்டு ஜோடியை வாங்கினேன். விடைச் சேவல் என்று நான் எழுதுவது ஒரு வயது நிரம்பிய ஆண் வான்கோழியை. இங்கே அதற்கு ஜேக் என்று பெயர். ஊரில் அப்போதுதான் கூவப் பழகும் சேவலை விடைச் சேவல் என்போமே, அதே பருவம், அதே துடுக்கு. முதிர்ந்த சேவலுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தன் எல்லைக்குள் ஒரு பெட்டையின் பக்கத்தில் ஒரு விடைச் சேவல் நிற்பதைப் பார்த்தால், அடித்து விரட்டாமல் அதனால் இருக்க முடியாது. இந்தப் பொம்மையில் வால் பாதி விரிந்தும், தலை சிவந்தும், உடல் சற்றே தாழ்ந்தும் இருக்கிறது. அதாவது சவால் விடுகிறது, ஆனால் வெல்லக்கூடிய எதிரியாகத் தெரிகிறது. கூட இருக்கும் பெட்டையின் கழுத்து முன்னோக்கித் தளர்ந்திருக்கிறது. இறகுகளின் ஓரத்தில் வரும் பழுப்பு, முதுகின் செம்புப் பளபளப்பு, தலையின் நீலச் சாயல் ஆகிய மூன்றையும் தீட்டியவர் கோழியை அருகில் இருந்து பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மடக்கிய ஓடு குளிரில் விரியாது. ஏப்ரல் மாதத்து ஓசார்க் விடியலில் வெப்பம் உறைநிலைக்கு அருகில் இருக்கும். பையிலிருந்து எடுத்த பெட்டையின் விலாப்புறம் பள்ளம் விழுந்து, நசுங்கிய அலுமினியக் குண்டான்போல இருந்தது. இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே மடக்காமல் எடுத்து, காரில் சூடு வரும் துளைக்கு எதிரே வைத்துவிடுகிறேன். போய்ச் சேர்வதற்குள் பள்ளம் தானாக நிமிர்ந்துவிடும். பனித்துளி படிந்தால் ஓடு பளபளக்கும். இறகு அப்படிப் பளபளக்காது. அதனால் பருத்தித் துண்டு ஒன்றைப் பையில் வைத்திருந்து, வெளிச்சம் வருவதற்கு முன் ஒரு முறை ஒற்றி எடுப்பது மகளின் பொறுப்பு. இரண்டும் சேர்ந்தால் குழந்தை தூக்கும் பாரமில்லை; அவள் பெட்டையைத் தூக்கினாள், நான் சேவலைத் தூக்கினேன்.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது, பொம்மையோடு வரும் நடுகம்பி. ஓசார்க் மண் என்பது பேருக்குத்தான் மண். ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே எங்கு தோண்டினாலும் சிக்கிமுக்கிக் கல். மெல்லிய கம்பி கல்லில் பட்டு வளைந்தது. சுத்தியலால் அடிக்க முடியாது. முந்நூறு கெஜத்தில் மரத்தின்மேல் உறங்கும் சேவலுக்கு உலோகச் சத்தம் எட்டிவிடும். இருட்டில் நான்கைந்து இடங்களில் குத்திப் பார்த்து, கம்பி கல்லில் கிறீச்சிடும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதைக்க, கடைசியில் ஓரிடத்தில் இறங்கியது. மறுநாள் முதல் ஒரு நீண்ட திருப்புளியை எடுத்துப் போகிறேன். முந்தின நாள் மாலையே இடம் பார்த்து, அதைக் கொண்டு துளையிட்டு, துளையில் ஒரு குச்சியைச் செருகிவிட்டு வந்துவிட்டால், விடியற்காலையில் குச்சியை உருவிக் கம்பியைச் செருகுவது அரை நிமிட வேலை. இதை வாங்குகிறவர்கள் கம்பியை மட்டும் தனியாக, கனமானதாக வாங்கிக்கொள்ள வேண்டும். 140 டாலர் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு கம்பியைக் கொடுப்பது சரியில்லை.

நிறுத்தும் விதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பொம்மையின் தரத்தைவிட இது முக்கியமானது. எங்கள் மறைப்புக் கூடாரத்திலிருந்து பதினைந்து கெஜத்தில் விடைச் சேவலை, அதன் முகம் எங்களைப் பார்க்கும்படி வைத்தோம்; பெட்டையை அதற்கு ஓரடி முன்னால், எங்களுக்கு முதுகு காட்டியபடி. சண்டைக்கு வரும் சேவல் எதிரியின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். விடைச் சேவலின் முகம் நம்மைப் பார்த்திருந்தால், வந்த சேவல் சுற்றிவந்து நமக்கும் பொம்மைக்கும் நடுவில், நமக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியிருக்கும். தோகையை முழுதாக விரித்த சேவலின் பின்புறம் ஒரு திரை. அது தன் தோகையாலேயே தன் கண்ணை மறைத்துக்கொள்கிறது. குழந்தை துப்பாக்கியைத் தாங்குகாலில் சரிசெய்வதற்கும், கன்னத்தை வைப்பதற்கும், மூச்சை இழுத்து விடுவதற்கும் கிடைக்கும் நேரம் அதுதான்.

பதினைந்து கெஜம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மகளிடம் இருந்தது 410 என்னும் சிறிய குழல் கொண்ட ஷாட்கன். தோளை அதிகம் உதைக்காது. முன்பெல்லாம் வான்கோழிக்கு அது போதாது என்பார்கள். இப்போது ஈயத்துக்குப் பதிலாக டங்ஸ்டன் ரவைகள் வந்துவிட்டன. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11 கிராம், இந்த ரவைகளுக்கு 18. அதனால் மிகச் சிறிய ரவையும் தேவையான வலுவோடு போய்ச் சேர்கிறது. நாற்பது கெஜம் வரை சுடலாம் என்று தோட்டாப் பெட்டியைப் பார்த்துச் சிலர் சொல்வார்கள். குழந்தைக்கு நான் விதித்த எல்லை இருபத்தைந்து. விடைச் சேவலிலிருந்து பத்துக் கெஜம் தள்ளி, நான்கு பக்கமும் சுள்ளி நட்டு, "இந்தச் சுள்ளிக்கு உள்ளே வந்தால்தான்" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அந்தத் தூரங்களை அவளே தன் எட்டுகளால் அளந்தாள். எனக்குப் பதினைந்து எட்டு வந்த இடத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வந்தது. பொம்மைக் கோழி குழந்தைக்கு ஓர் அளவுகோலாகவும் ஆகிவிடுகிறது. அரை வெளிச்சத்தில் தூரத்தை மதிப்பிடும் பாரம் அவள் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது.

சனிக்கிழமை விடியலில் ஆந்தைக் குரலுக்கு இரண்டு சேவல்கள் மரத்தின்மேலிருந்து பதில் கொடுத்தன. தரைக்கு இறங்கியதும் உண்மையான பெட்டைகளோடு வேறு திசையில் போய்விட்டன. மூடியை உரசினால் கோழிபோல ஒலிக்கும் மரப்பெட்டியால் நான்கைந்து முறை பெட்டையின் குரலை எழுப்பிவிட்டு, ஐம்பது நிமிடம் சும்மா இருந்தோம். மகள் பொடி தடவிய இட்லியைத் துணியிலிருந்து எடுத்துத் தின்றாள். சலசலக்கும் பொட்டலங்களைக் கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. வெளியே ரெட்பட் மரங்கள் ஊதாவாகப் பூத்திருந்தன. அவள் பாதி நேரம் அந்த இரண்டு பொம்மைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டை காற்றில் இலேசாக அசையும்போதெல்லாம் அவளுக்கு அது உயிரோடு இருப்பதாகத் தோன்றியது என்று பிறகு சொன்னாள். வெறும் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு ஐம்பது நிமிடம் இருப்பதற்கும், பார்க்க ஏதோ ஒன்று இருப்பதற்கும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு வேறுபாடு என்பதை நான் அதற்கு முன் யோசித்ததில்லை.

பிறகு அந்த ஒலி வந்தது. தோகை விரித்து நடக்கும் சேவல் தொண்டைக்குள்ளிருந்து எழுப்பும் ஆழ்ந்த அதிர்வு அது. காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் படும். எண்பது கெஜத்தில், வேலியோரம், தனியாக ஒரு சேவல். விடைச் சேவலைக் கண்டதும் நின்றது, ஊதியது, தோகையை விரித்தது. பெட்டையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சேவலை நோக்கி வந்து, பக்கவாட்டில் சுற்றி, நான் எழுதியபடியே எங்களுக்கு முதுகைக் காட்டி, பொம்மையின் முகத்துக்கு முகம் நின்றது. திரும்பிய நேரத்தில் பார்த்தேன்: நெற்றி வெள்ளை, கன்னம் நீலம், கழுத்துச் சதைகள் இரத்தச் சிவப்பு, அலகின்மேல் தொங்கும் சதைத் துண்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. இறக்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தது. பொம்மை சற்றே திரும்பி, வாலோரம் நாங்கள் நட்டிருந்த சுள்ளியில் முட்டி நின்றது. அடுத்து அதன் தலையைக் கொத்தத் தொடங்கியது.

மகள் துப்பாக்கியைத் தாங்குகாலில் வைத்துவிட்டாள். அவள் முழங்கை கூடாரத் துணியில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது, சேவல் திரும்பவில்லை. "அப்பா, தலை தெரியல," என்றாள் மூச்சோடு மூச்சாக. தோகை விரித்த சேவலின் கழுத்து உடலுக்குள் ஒடுங்கியிருக்கும், அப்போது சுடக்கூடாது. "பொறும்மா. தள்ளி வரட்டும்." பொம்மையிலிருந்து இரண்டு எட்டு விலகியதும் நாக்கைச் சுண்டி ஒரு சின்னக் கொக்கரிப்பை எழுப்பினேன். தோகை மடங்கியது, கழுத்து நிமிர்ந்தது. இறகு முடிந்து தோல் தொடங்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று குளிர்காலம் முழுவதும் காகிதப் படத்தில் பழகியிருந்தாள். "இப்ப," என்றேன். அவள் உடனே சுடவில்லை. தனக்குத் திருப்தியான பிறகுதான் சுட்டாள். பதினெட்டு கெஜம். விழுந்த இடத்திலேயே அடங்கியது.

பத்தொன்பது பவுண்டு எடை, ஒன்பதரை அங்குலத் தாடி. அவள் வெகுநேரம் பேசவில்லை. கையுறையைக் கழற்றி, முதுகு இறகுகளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; செம்பு பச்சையாகி, பச்சை மறுபடி செம்பாயிற்று. வாலிறகுகளை எண்ணினாள், பதினெட்டு. மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டிய பதிவை இரவு 10 மணிக்குள் செய்ய வேண்டும். கைப்பேசியில் அதையும் அவளே செய்தாள். ஞாயிறு மதியம் நெஞ்சுக்கறியை மிளகு போட்டு வறுத்தோம், கால்கறியை மணிக்கணக்கில் வேகவைத்துக் குழம்பாக்கினோம்.

மூன்றாவது வகையான துணிப் பெட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மூன்றிலும் இதுதான் உயிருள்ள கோழி, நிழற்படம் அல்லவா. பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருண்டுவிடும், எடையே தெரியாது, குளிரில் பள்ளம் விழாது, பனியில் பளபளக்காது. ஆனால் நேர் முன்னாலிருந்து வரும் சேவலுக்கு அது ஒரு கோடாகிவிடும். காற்றில் துணி படபடக்கும். குறைந்த காற்றில் மட்டுமே நம்பலாம். எஃகு வளையத்தைப் பிரிக்கும்போது அது துள்ளி விரியும் வேகத்தில் குழந்தையின் முகத்தில் அடிக்கக்கூடும், ஆகையால் அதைப் பிரிப்பது பெரியவரின் வேலை. நடந்து நடந்து இடம் மாற்ற வேண்டிய நாள்களுக்கும், பொது நிலத்துக்கும் இதை வைத்திருக்கிறேன்.

பொது நிலம் என்றதும் எழுதியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. மிசௌரி மக்கள் 1976-இல் வாக்களித்து, விற்பனைத் தொகையில் ஒரு விழுக்காட்டின் எட்டில் ஒரு பங்கு வரியை இயற்கைப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கினார்கள்; மாநிலமெங்கும் உள்ள பாதுகாப்புக் காடுகளுக்கு அது பெரிய ஆதாரம். அங்கே உரிமம் பெற்ற பிறரும் வேட்டையாட வருவார்கள் என்பதால், நம் பொம்மையை உண்மை என்று நம்பி ஊர்ந்து வரும் இன்னொரு மனிதரும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஆண் பொம்மையை நான் வைப்பதில்லை. குழந்தையோடு இருக்கும்போது நிச்சயமாக இல்லை. தனிப் பண்ணையிலும் சில விதிகளை விடுவதில்லை. பொம்மையைத் திறந்தபடி தூக்கி நடக்கக் கூடாது. கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் பைக்குள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். வான்கோழித் தலையின் நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடையில் எங்கும் தெரியக் கூடாது, உள்ளே போடும் காலுறையில்கூட. கூடாரம் இல்லையென்றால், தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். வேறு வேட்டைக்காரர் தென்பட்டால் கையை ஆட்டாமல், எழாமல், உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். இதை மகளுக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. வீட்டுக் கொல்லையில் பொம்மையை நட்டு, நான் ஒளிந்து வர, அவள் குரல் கொடுக்க, விளையாட்டாகவே பலமுறை செய்து பார்த்தோம்.

முழுத் தோகை விரித்த முதிர்ந்த சேவல் பொம்மைகளும் கடையில் இருக்கின்றன. விலையும் அதிகம், கவர்ச்சியும் அதிகம். வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அடங்கிப்போகும் குணமுள்ள இரண்டு மூன்று வயதுச் சேவல்கள் அதைக் கண்டால் ஒதுங்கிவிடும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் மறைவில் ஊர்ந்து போகும் முறை மிக ஆபத்தானது. இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. இந்தப் பறவை இங்கே ஏறத்தாழ அழிந்துபோய், பிடித்து இடம் மாற்றி விட்டு மீட்டெடுக்கப்பட்ட பறவை. மிசௌரியில் வசந்தகால வேட்டை மறுபடி தொடங்கியது 1960-இல்தான். அண்மை ஆண்டுகளில் பல மாநிலங்களில் குஞ்சுகள் பிழைப்பது குறைந்திருக்கிறது. அலபாமா 2022 முதல் பருவத்தின் முதல் பத்து நாள்களுக்குப் பொம்மைகளையே தடைசெய்தது, சேவல்கள் இணைசேர அவகாசம் கிடைக்கட்டும் என்று. அந்தத் தடையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். மகளுக்கு ஆண்டுக்கு ஒரு சேவல் போதும். நல்ல பொம்மை அந்த ஒன்றைக் காயப்படுத்தித் தவறவிடாமல், அருகில் நிறுத்தி, சுத்தமாக முடிக்க உதவுகிறது. அதற்கு மேல் அதனிடம் நான் எதையும் கேட்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஒன்றுதான் முடியும் என்றால் ஜோடியில் வரும் விடைச் சேவலைத் தனியாகவே வாங்குங்கள், பிறகு பெட்டையும் வேண்டுமென்றால் துணிப் பெட்டையே போதும். எங்கள் விடைச் சேவலின் கழுத்தில் இரண்டு ரவைத் துளைகள் இருக்கின்றன, உச்சந்தலையில் வண்ணம் உரிந்திருக்கிறது. ஓடு தன் பலத்தில் நிற்பதால் உருவம் கெடவில்லை. காற்றடைத்து நிறுத்தும் மலிவு வகையாக இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். உரிந்த இடத்துக்குப் பளபளப்பில்லாத அக்ரிலிக் வண்ணம் பூசினேன், நன்றாகப் பிடித்திருக்கிறது. கூடவே கொடுக்கும் பையோ காட்டு இலை வடிவம் அச்சிட்டது. பொம்மைக் கோழியை எடுத்துச் செல்லும் பை காட்டில் பளிச்சென்று தெரிய வேண்டிய பொருள்; அதை இப்படி மறைநிறத்தில் தைத்து விற்பதற்காக, ஐந்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். வளைந்த கம்பிக்காக இன்னோர் அரை. செம்மஞ்சள் பை தனியாகக் கிடைக்கிறது. பொம்மை வாங்கும் நாளிலேயே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.